ஆறு வீட்டுக்கு ஒரு சின்ன பெக்கோ

(சங்கத்தின் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அப்பாவுக்கு இந்த வருஷம் சேமலாப நிதி கைக்கு வருது. அதைப் போட்டு ஒரு சின்ன பெக்கோ எடுத்தால் பிழைக்கலாமா?" அதற்குப் பதில் சொல்லத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் மலையில் நின்று உழைத்த காசு அது. அதனால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள், ஒரே டிவிசன். பங்கு போட்டு ஒரு மெஷின் வாங்கி இது நான்காவது வருஷம். எக்ஸ்கவேட்டர் என்பதுதான் அதற்குச் சரியான பெயர். ஆனால் தோட்டத்தில் டயரில் ஓடினாலும் சங்கிலியில் ஓடினாலும் மண் தோண்டுவதெல்லாம் பெக்கோதான். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

எங்களுடையது ஜப்பானில் ஓடி முடித்து வந்த மூன்று தொன் மெஷின். அகலம் ஐந்தடி சொச்சம். றப்பர் டிராக், முன்னால் மண் தள்ளும் பிளேட். சுற்றும்போது பின்பக்கம் டிராக்கைத் தாண்டி வெளியே வராது. எங்கள் வேலைக்கு இந்தக் கடைசி விஷயம் பெரியது. இரண்டு லயத்துக்கு நடுவில் நிற்கிறோம் என்று வையுங்கள். பெரிய மெஷின் ஒரு சுற்றுச் சுற்றினால் யாராவது ஒருவர் வீட்டுத் தகரம் போய்விடும். இது நின்ற இடத்திலேயே சுற்றும். வீடு கட்டக் கொடுக்கும் 7 பேர்ச்சஸ் காணி என்பது 177 சதுர மீற்றர்தான். அதற்குள் பெரிய பெக்கோ இறங்கினால் வேலை செய்ய இடமில்லை, திரும்பவும் இடமில்லை.

பலவித வேலைக்கு ஆகும் என்கிறார்களே, அது உண்மை. பக்கெட் மட்டும் எங்களிடம் மூன்று இருக்கிறது. ஓரடி பக்கெட் தண்ணீர்க் குழாய் புதைக்க, இரண்டடி பக்கெட் அத்திவாரத்துக்கு, பல்லில்லாத அகலப் பக்கெட் கான் துப்புரவாக்கவும் மண்ணைச் சமப்படுத்தவும். தேவைப்பட்டால் கல் உடைக்கும் பிரேக்கரை வாடகைக்கு எடுத்துப் பூட்டுவோம். வேலிக் கம்பத்துக்குக் குழி போடும் ஓகரும் பூட்டலாம். பிரேக்கரைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. கல்லில் ஒரே இடத்தில் நீண்ட நேரம் குத்திக்கொண்டிருக்கக் கூடாது. உளி இறங்கவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டும். உளியைக் கடப்பாரை மாதிரி நெம்பினால் அது உடையும், இல்லையென்றால் ஆர்ம் வெடிக்கும். பிரேக்கர் ஓடிய மாதம் ஹைட்ரோலிக் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி சங்கக் கூட்டத்தில் பேசியே ஆக வேண்டிய கேள்வி. மெஷின் வந்தால் ஆளுக்குப் பேர் போகுமா?

போகும். மறைக்க வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் மம்பட்டியும் அலவாங்கும் கொண்டு வெட்டிய கான்களும் ரோட்டுகளும்தான் இன்றும் இந்த மலைகளில் இருக்கின்றன. அந்த வேலையில் பத்துப் பேர் ஒரு கிழமை செய்வதை இந்த மெஷின் ஒரு நாளில் முடித்துவிடும். அதனால் வாங்கும்போதே நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். தேயிலை நிற்கும் மலைக்குள், ஆட்கள் பேர் போட்டு வெட்டும் கான் வேலைக்கு, மெஷினை இறக்குவதில்லை. ரோட்டு, வீட்டு நிலம், குழாய், மண்சரிந்து மூடிய பாதை, மலசலகூடக் குழி, இவைதான் எங்கள் வேலை. தோட்ட நிர்வாகம் வெளியிலிருந்து பெக்கோ கொண்டுவரும் இடத்தில் கமிட்டி கேட்க வேண்டியது இரண்டு. எந்த வேலைக்கு வருகிறது, அதனால் எத்தனை பேர் குறையும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓட்டுவதற்கும் உதவிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை எடுக்க வேண்டும். மெஷினே வேண்டாம் என்று ரோட்டை மறித்தவர்களையும் பார்த்தோம், வந்ததெல்லாம் வரட்டும் என்று இருந்தவர்களையும் பார்த்தோம். இரண்டு இடத்திலும் நமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்தது மலை. இதற்குத்தான் அதிக நேரம் எடுக்கப் போகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் பக்கெட்டை மண்ணில் வைக்கிறோம். ஏனென்றால் வீட்டு நிலம் என்பது மலையின் காலை வெட்டி எடுப்பது. மேலே நிற்கும் மண்ணை அந்தக் கால்தான் தாங்குகிறது. வெட்டிய மண்ணை நேர் கீழே தள்ளிவிட்டால் கீழ் லயத்துக்காரர் தலைக்கு மேல் ஒரு புது மலை. மழை வந்ததும் முதலில் இறங்குவது இறுக்காமல் கொட்டிய அந்த மண்தான்.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி எடுக்கும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். "அறிக்கை பிறகு வரும், நீங்கள் வெட்டிவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. இதனால் இழந்த வேலைகள் உண்டு. அடுத்த நாளே இன்னொரு மெஷின் வந்து அதைச் செய்துவிட்டுப் போனதும் உண்டு. இருந்தாலும் அந்தச் சுவருக்குக் கீழே தூங்குவது நம் ஆட்கள்தானே.

காணி தோட்டத்தினுடையது என்றால் நிர்வாகத்தின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பி வெட்டினால் பொலிசில் நிற்பது மெஷின்காரன்தான். வெட்டிய மண்ணை லொறியில் ஏற்றி விற்பது, ஆற்றில் மணல் அள்ளுவது, இதற்கெல்லாம் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் வந்து ஒன்றுக்கு இரண்டு மடங்கு கூலி தருகிறோம் என்று கூப்பிடுவார்கள். பிடிபட்டால் மெஷின் நீதிமன்ற வளவில் மாதக்கணக்கில் மழையில் கிடக்கும். லீசிங்காரனுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

மழை அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் வெளியேறத் தயாராக இரு, 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேறு. கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கும் அளவுகள் இவைதான். எங்கள் டிவிசனில் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். 75 ஆனால் அன்று மெஷின் வெளியே போகாது. கைக்குப் பெரிய செலவில்லாத சாமான் அது. ஒவ்வொரு கமிட்டியும் வாங்கலாம்.

சரிவில் ஓட்டுவதற்கு வருவோம். ஏறினாலும் இறங்கினாலும் நேராகப் போக வேண்டும். குறுக்கே போகக் கூடாது. பக்கெட் தரைக்கு ஓரடி மேலே, தூக்கிப் பிடிக்காமல். பக்கெட் நிறைய மண்ணோடு பள்ளத்துப் பக்கம் சுற்றும்போதுதான் அதிகமான மெஷின்கள் புரண்டிருக்கின்றன. முதலில் நிற்க ஒரு சமதளத்தை வெட்டிக்கொண்டு பிறகு வேலையைத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் போகும். வேலை கொடுத்தவர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். சீட் பெல்ட்டைப் போட்டே இருங்கள். மெஷின் சாய்ந்தால் குதிக்கக் கூடாது. குதிப்பவர் மேல்தான் கூரை விழும். உதவிக்கு நிற்பவர் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆர்ம் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று மம்பட்டியால் மண் தட்டும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். மேலே மின்சாரக் கம்பி போகிறதா, கீழே லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பார்க்காமல் பூமைத் தூக்கவோ தோண்டவோ வேண்டாம். குழாய் எங்கே போகிறது என்று படத்தில் இருக்காது. வாட்டர் வேலை செய்த பழைய ஆளிடம் கேட்டால் சொல்லுவார்.

சரி, பராமரிப்பு. இது பெரிய கராஜ் வேலை இல்லை. காலையில் இருபது நிமிஷம், அவ்வளவுதான். அந்த இருபது நிமிஷத்தைத் தவறாமல் கொடுக்க ஆள் வேண்டும்.

என்ஜின் எண்ணெய், ரேடியேற்றர் தண்ணீர், ஹைட்ரோலிக் எண்ணெயின் மட்டம், டீசல் வடிகட்டிக்குக் கீழே தங்கும் தண்ணீர், இவற்றைப் பார்த்த பிறகு கிறீஸ். ஒவ்வொரு பின்னுக்கும் ஒவ்வொரு நாளும் கிறீஸ் அடிக்க வேண்டும். பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். சேற்றில் வேலை என்றால் மத்தியானமும் ஒருமுறை. ஒரு கிறீஸ் குழாயின் விலையையும், பின்னும் புஷ்ஷும் தேய்ந்து ஓட்டையை வெல்டிங் போட்டுக் கடைசலுக்குக் கொடுக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறு பாடம் தேவையில்லை. மேல்பாகம் சுற்றும் பெரிய பெயரிங்குக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிறீஸ் போதும். ஆனால் அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

என்ஜின் எண்ணெயும் பில்டரும் 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். டீசல் பில்டர் 500க்கு. ஒவ்வொரு மெஷினுக்கும் கம்பனிப் புத்தகத்தில் அதன் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள். டீசலைப் பீப்பாவில் வைத்து ஊற்றுபவர்கள் அடியில் நிற்கும் கலங்கலை ஊற்ற வேண்டாம். மாலையில் தாங்கியை நிரப்பி நிறுத்துவது நல்லது. நம் மலைக் குளிரில் வெறும் தாங்கிக்குள் ஈரம் வேர்த்து டீசலோடு சேரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். குளிர்ந்த ஹைட்ரோலிக் எண்ணெயை முறுக்கி ஓட்டினால் பம்ப் அழும்.

றப்பர் டிராக் தார் ரோட்டிலும் கூர்க் கல்லிலும் நின்ற இடத்தில் திருப்பினால் பிய்யும். பக்குவமாக ஓட்டினால் 1,200 முதல் 1,600 மணித்தியாலம் தாங்கும். அதனால்தான் அரை மைல் தூரமென்றாலும் லொறியில் ஏற்றிப் போகிறோம். டிராக் தளர்ந்தால் கிறீஸ் அடித்து இறுக்கலாம். கூடுதலாக இறுகிவிட்டால் வால்வைத் திறந்துதான் விட வேண்டும். அப்போது முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள், ஒரு சுற்றுக்கு மேல் கழற்றாதீர்கள். உள்ளே கிறீஸ் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது.

அதைவிடப் பயங்கரமானது ஹைட்ரோலிக் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை. எங்கே கசிகிறது என்று கையை வைத்துத் தடவக் கூடாது. எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி, அன்று வலிகூட இருக்காது. விட்டால் விரலையோ கையையோ எடுக்கும் நிலை வரும். மட்டையை வைத்துப் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. "சின்னக் காயம்" என்று சொல்லாமல் "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போனது" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். தோட்டத்து வைத்தியசாலையில் மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற காயம் இல்லை இது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம். மணி மீட்டரை நம்பாதீர்கள். ஒரு யார்டில் எங்களுக்குக் காட்டிய மெஷினில் மீட்டர் இரண்டாயிரம் சொச்சம். காலால் மிதிக்கும் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தது, டிராக் சுற்றும் பல்சக்கரம் மீன்முள் மாதிரிக் கூராகியிருந்தது. புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிட்டோம். பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஆர்மை ஆட்டிப் பாருங்கள், பின்னில் எவ்வளவு ஆட்டம் என்று தெரியும். சிலிண்டர் தண்டில் கீறல் இருக்கிறதா பாருங்கள். பூமைத் தூக்கி என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் நில்லுங்கள், தானாக இறங்கினால் உள்ளே கசிவு. ஹைட்ரோலிக் எண்ணெய் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நேராக ஓட்டினால் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது போவது நல்லது. நாங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். குபோட்டா, யன்மார், கொமட்சு போன்று இங்கே நிறைய ஓடும் வகைகளை எடுத்தால் பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைக்கும். யாருக்கும் பெயர் தெரியாத மெஷின் மலிவாகத்தான் இருக்கும், ஒரு சீலுக்காக ஒரு மாதம் நிற்கும்.

இப்போது காசு. விலைகள் மாறும் என்பதால் ரூபாயில் சொல்லவில்லை. மணித்தியாலத்தில் சொல்கிறோம். எங்கள் மெஷின் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் அந்த ஆறும் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒன்றேகால் மணித்தியாலக் கூலி டீசலுக்கு. இன்னொரு ஒன்றேகால் ஓட்டுபவருக்கும் உதவியாளுக்கும். இரண்டு மணித்தியாலம் லீசிங் தவணைக்கு. ஒரு மணித்தியாலம் திருத்த வேலைப் பெட்டிக்கு. மிச்சம் அரை மணித்தியாலம். அதை ஆறு வீடு பிரிக்க வேண்டும். மாதத்தில் பதினெட்டு நாள் வேலை கிடைத்தால் இந்தக் கணக்கு. ஹற்றன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கித் தென்மேல் பருவமழை. பதுளைப் பக்கம் மார்கழி, தை. ஒக்டோபர், நவம்பரில் எல்லா இடமும் மழை. லீசிங் தவணைக்குப் பருவகாலம் கிடையாது.

மிஞ்சுகிறது என்று திருத்தப் பெட்டியில் கை வைத்தவர்கள் டிராக் பிய்ந்த அன்று நிற்பார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு குழுவின் மெஷினை மூன்று தவணை தவறியதும் லீசிங் கம்பனி இரவில் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கட்டிய காசும் போய், இன்னும் பாக்கி இருக்கிறது என்று கடிதமும் வந்தது. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து, சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பதில் இது. அப்பாவின் சேமலாப நிதி முழுவதையும் போட வேண்டாம். எங்கள் ஆறு வீட்டில் யாரும் கையில் வந்ததில் மூன்றிலொன்றுக்கு மேல் போடக் கூடாது என்று எழுதி வைத்தோம். மிச்சம் அப்பா, அம்மா பேரில் வங்கியில் இருக்கிறது. தனி ஆளாக வாங்க வேண்டாம். குழுவாக வாங்குங்கள், யார் எவ்வளவு போட்டார், ஒருவர் விலகினால் எப்படிக் கொடுப்பது என்று முதல் நாளே எழுதுங்கள். மணி மீட்டரில் காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி ஓட்டுபவரும் வேலை கொடுத்தவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கொப்பி எங்களில் ஒருவரின் மனைவியிடம் இருக்கிறது. அவர் கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலே விடாதவர். எங்களையும் விடுவதில்லை.

வாங்க வசதியில்லாதவர்கள் ஓட்டப் பழகலாம். அதுவும் நல்ல தொழில்தான். சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜே வகுப்பு வேண்டும். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அந்தச் சான்றிதழோடு போனால் கொழும்பிலும் மதிப்பு, வெளிநாட்டிலும் மதிப்பு. பெண் பிள்ளைகள் ஓட்டலாமா என்று ஒரு தங்கச்சி முன்வரிசையில் கேட்டார். தாராளமாக. இரண்டு லீவருக்கும் பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். எங்கள் மெஷினில் பழகும் மூவரில் ஒருவர் பெண் பிள்ளை, கான் சரிவு பிடிப்பதில் மற்ற இருவரையும்விட அவர் கெட்டி.

ஆனால் ஓட்டப் போகிறவர்கள் மணித்தியாலக் காசை மட்டும் பேசிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது சட்டம். முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம், அதோடு முதலாளி நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். வேலையில் அடிபட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. இப்போது எங்கள் மெஷினில் ஓட்டுபவருக்கு முதலாளி நாங்கள். நாற்பது வருஷம் துரையிடம் கேட்டதை இனி எங்களிடம் ஒருவர் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். கட்டுகிறோம், ரசீது கொப்பியில் ஒட்டியிருக்கிறது. கட்டினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்பவர் கூலியைக் குறைத்துப் பேசிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

மெஷினை இன்று லொறியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறோம், மண்டபத்துக்குக் கீழே ரோட்டோரம் நிற்கிறது. பின் ஆட்டம் பார்ப்பது எப்படி, கிறீஸ் அடிப்பது எப்படி என்று பார்க்க விரும்புபவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். கமிட்டித் தலைவர்கள் கொப்பியையும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளை மெஷினுக்குப் பக்கத்தில் விட வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.